யரக்கான்: பயிர்ப் பிணியும் கடுகின் எதிர்ப்பாற்றலும்

திருக்குர்ஆனில் கடுகு இரண்டு இடங்களில் இடம்பெறுகிறது. அல்அன்பியா அத்தியாயத்தின் 47ஆம் வசனத்திலும் லுக்மான் அத்தியாயத்தின் 16ஆம் வசனத்திலும் வரும் 'கர்தல்' என்னும் சொல், மிகச் சிறிய அளவுக்கு உவமையாக மக்தபுச் சிறுவர்களும் அறிந்ததே. அவ்வித்தைத் தரும் பயிரைப் பற்றியும், அதனைக் கருக்கும் நோயைப் பற்றியும் நாம் பேசுவதுதான் குறைவு.

அரபியில் 'யரக்கான்' என்றால் மஞ்சட்காமாலை என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஜவ்ஹரீ தம் 'ஸிஹாஹ்' அகராதியில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள் தருகிறார். மனிதரைப் பற்றும் பிணி ஒன்று; பயிரைப் பற்றும் கேடு மற்றொன்று. அக்கேட்டுக்கு உள்ளான பயிரை 'மஃரூக்' என்றும் 'மைரூக்' என்றும் அரபுகள் அழைத்தனர். மருத்துவருக்கும் உழவருக்கும் ஒரே சொல் பொதுவாக இருந்திருக்கிறது.

பயிர் நோய் ஒரு வழக்காகவும் மாறியதை மதீனாவின் வரலாறு காட்டுகிறது. காய் முற்றுமுன்பே தோட்டத்தின் விளைச்சலை விற்பது அங்கு வழக்கம். பணம் கொடுக்க வேண்டிய வேளையில் வாங்கியவர், 'துமான்' பிடித்துவிட்டது, 'முராள்' வந்துவிட்டது, 'குஷாம்' தாக்கிவிட்டது என்று முறையிடுவார். ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் இவ்வறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அழுகல், நோய், பிஞ்சு உதிர்தல் என விரிவுரையாளர்கள் இவற்றைப் பிரித்துரைப்பர். தகராறுகள் பெருகவே, கனியின் பக்குவம் வெளிப்படும்வரை விற்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் ஆலோசனை கூறினார்கள். ஜைத் (ரலி) அவர்கள் ஸுரையா எனும் கார்த்திகை மீன்கூட்டம் தோன்றும்வரை தம் நிலத்தின் கனிகளை விற்கமாட்டார்களாம். வானத்தைப் பார்த்து நோய்க்காலம் கழிந்ததை அறிந்த உழவர் அறிவு அது.

விற்ற பின் கேடு வந்தால் இழப்பு யாருடையது? 'ஜாயிஹா' எனப்படும் இவ்விஷயத்தில் இமாம்கள் வேறுபட்டனர். இழப்பு மூன்றிலொரு பங்கை எட்டினால் விற்றவர் அதை ஏற்க வேண்டும் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய முடிவிலும் ஹனஃபீ மத்ஹபிலும் விலையைக் குறைப்பது விரும்பத்தக்கதேயன்றிக் கட்டாயமில்லை. நம் பகுதி மக்கள் பெரும்பாலும் இவ்விரு மத்ஹபினரே ஆதலால், மாலிகீகளின் தீர்ப்பை நாம் ஓதிய அளவுக்கு எடைபோட்டுப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தம் 'கிதாபுல் ஃபிலாஹா'வில் தாவர நோய்களின் மருத்துவத்துக்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். 1802இல் மத்ரீதில் அரபு மூலமும் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் சேர்ந்து அந்நூல் அச்சேறியது. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையே காரணம் என்பது அக்காலத்தவர் எவருக்கும் எட்டவில்லை.

1836இல் பெர்க்லி எனும் ஆங்கிலப் பாதிரியார் முட்டைக்கோசு, கடுகுக் குடும்பச் செடிகளின் கருகல் பூஞ்சையை வருணித்தார். 1880இல் இத்தாலியரான ஸக்கார்டோ அதனை 'ஆல்டர்னேரியா' இனத்தில் சேர்த்தார். இலையில் வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள் எழும். பின் தண்டுக்கும் காய்க்கும் பரவும். விதை சுருங்கி எண்ணெய் குறையும். குளிரும் ஈரமும் அதற்கு உகந்தவை. விதையிலும் பயிர்க் கழிவிலும் தங்கியிருந்து காற்றில் பரவும். இந்தியாவில் 47 விழுக்காடு வரை மகசூல் இழப்பு பதிவாகியுள்ளது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் கடுகு உழவருக்கு இது சிறு செய்தியன்று.

வட இந்தியா பெரிதும் பயிரிடும் கடுகு ஒரு கலப்பினம். கருங்கடுகின் 16 குரோமோசோம்களும் மற்றொரு பெற்றோரான ராப்பா இனத்தின் 20 குரோமோசோம்களும் கூடி 36 ஆன வரலாற்றை, கொரியத் தந்தைக்கு ஜப்பானில் பிறந்த ஊ நாகஹாரு 1935இல் விளக்கினார். இந்தப் பெற்றோர் இருவரிடமும் கருகலை எதிர்க்கும் வலுவான ஆற்றல் இல்லை. பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

அவ்வாற்றல் மத்தியதரைக் கடலோரத்துக்குரிய வெண்கடுகில் காணப்படுகிறது. பூஞ்சை சுரக்கும் 'டிஸ்ட்ரக்ஸின் பி' என்னும் நஞ்சை வெண்கடுகு வேதிமாற்றம் செய்து வலுவிழக்கச் செய்கிறது. மாறிய அப்பொருளே செடியின் தற்காப்பையும் எழுப்பிவிடுகிறது. கனடா ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட இம்முடிவைப் படித்தபோது நாம் 'ஸுப்ஹானல்லாஹ்' என்றோம். கமெலினா எனும் மற்றோர் எண்ணெய்ச்செடியும் 'கமலெக்ஸின்' என்ற தற்காப்புப் பொருளை உண்டாக்குகிறது.

வெண்கடுகும் நம் கடுகும் மகரந்தச் சேர்க்கையால் எளிதில் இணைவதில்லை. எனவே இரண்டின் செல்களையும் ஆய்வகத்தில் ஒன்றாக்கி, கருகலை எதிர்க்கும் வளமான கலப்பினங்களைப் பெற்றதாக டெல்லி ஆய்வாளர்கள் 2018இல் அறிவித்தனர். அவற்றிலிருந்து வேண்டிய பண்பை மட்டும் பிரித்துப் பயிர்க்கடுகில் சேர்க்கப் பல தலைமுறை பின்கலப்பு வேண்டும். அதுவரை காலந்தாழ்த்தாத விதைப்பு, நோயற்ற விதை, பூஞ்சைக்கொல்லித் தெளிப்பு ஆகிய மூன்றுமே கடுகு விவசாயியின் கையில் உள்ளவை.