வாண்டில் ஆற்றங்கரை

லண்டன் மாநகரின் பாதாள ரயிலில் நார்தர்ன் மார்க்கத்தைப் பிடித்துத் தெற்கு நோக்கிச் செல்வோர், வண்டி இதற்கு மேல் போவதில்லை என்ற நிலையில் இறங்கும் ஊர் மோர்டன். 1926ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்த நிலையம் திறக்கப்படும் வரையில் சர்ரே ஜில்லாவின் சிறு கிராமங்களுள் ஒன்றாயிருந்த இவ்வூர், அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே வயல்களையெல்லாம் வீதிகளாக்கிக்கொண்டு மாநகரத்தோடு ஒன்றிப்போயிற்று. இலங்கையில் 1983ஆம் ஆண்டு நடந்த கொடுமைகளுக்குப் பின்னர் தாயகத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, மோர்டனிலும் அதனை அடுத்த மிச்சம், டூட்டிங், விம்பிள்டன் பகுதிகளிலும் வேரூன்றி வாழ்கின்றன. அவர்களில் எத்தனையோ பேர் நாள்தோறும் கடந்து செல்லும் வாண்டில் என்னும் சிற்றாற்றின் கரையில், நம்முடைய சோழமண்டலக் கரையின் சரித்திரமும் ஓரளவு கலந்து கிடக்கிறது.

இங்கிலாந்தின் ஆற்றங்கரைப் பேராலயங்களைக் காண விரும்புவோர் ஸ்டவர் நதி பாயும் கான்டர்பரிக்கும், இட்சென் நதி பாயும் வின்செஸ்டருக்கும் போவது வழக்கம். அங்கே கோபுரம் வானளாவி நிற்கிறது. வந்தவர் அண்ணாந்து பார்த்து வியக்கலாம். மோர்டனிலிருந்து வடக்கே, பிரயாசை சிறிதும் இன்றிச் சமதரையில் நடந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய இடத்தில், அத்தகைய பெருங்கோயில் ஒன்று நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்றிருந்து, பின்பு அடியோடு பெயர்த்தெடுக்கப்பட்டது. ஆயரின் பீடம் அங்கே இல்லாமையால் அதனைக் கதீட்ரல் என்று சொல்லலாகாது; ஆயினும் பெருமையில் அது பல கதீட்ரல்களுக்குக் குறைந்ததன்று.

நிலையத்திலிருந்து சில நிமிஷ நடையில் மோர்டன் ஹால் பூங்காவின் வாயில் வந்துவிடும். சுண்ணாம்புப் பாறைகளினூடே ஊறிக் கார்ஷால்டன், குராய்டன் பக்கங்களில் ஊற்றெடுத்து, வாண்ட்ஸ்வர்த்தில் தேம்ஸ் நதியோடு கலக்கும் வாண்டில், இந்தப் பூங்காவுக்குள் பல கால்வாய்களாகப் பிரிந்து, சிறு பாலங்களின் கீழே தெளிந்து ஓடுகிறது. மொத்த நீளம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர்தான். ஆனால் வேகமும் வற்றாத தன்மையும் உடைய அந்நீரை மனிதன் சும்மா விடவில்லை. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கிலேயே இதன் கரைகளில் ஆலைகள் குறிக்கப்பட்டுள்ளன. மாவு, எண்ணெய், செம்பு, தோல், காகிதம் என்று இந்த ஆறு உழைத்துக் கொடுத்த தொழில்களின் ஜாபிதா நீண்டது. பூங்காவில் இன்றும் நிற்கும் இரண்டு ஆலைகளும் மூக்குப்பொடி அரைத்தவை. 1922இல் அவை ஓய்ந்தன. பெரிய நீர்ச்சக்கரம் ஒன்று மட்டும் காண்போருக்காக இருந்த இடத்திலேயே இருக்கிறது. எஸ்டேட்டின் கடைசி உரிமையாளரான கில்லியட் ஹாட்ஃபீல்ட் 1941இல் காலமானபோது, இந்நிலம் முழுவதையும் நாஷனல் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனத்துக்கு எழுதிவைத்திருந்தார். சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்ட இக்காலத்தில் நாரையும் மீன்கொத்தியும் தங்க ஓர் இடம் மிஞ்சியிருப்பது அவ்வுள்ளத்தின் உதாரத்தால்தான்.

பூங்காவைத் தாண்டி ஆற்றோடு நடக்கையில், இருமருங்கும் காணும் புல்தரைகளைச் சாதாரணப் புல்தரைகள் என்று எண்ணிவிடலாகாது. பதினேழாம் நூற்றாண்டு முதல் இப்பிரதேசத்தில் துணி வெளுக்கும் தொழில் செழித்தது. நெய்த துணியைச் சாம்பற்காரத்தில் வேகவைத்து, புளித்த மோரில் ஊறப்போட்டு, புல்லின்மேல் நீளநீளமாக விரித்து, இடையிடையே வெட்டிய வாய்க்கால்களிலிருந்து நீண்ட மரக்கரண்டிகளால் நீரை வாரி இறைத்து, வெயிலில் மீண்டும் மீண்டும் காயவிடுவார்கள். மேகம் மூடிய இந்நாட்டில் ஒரு துணி வெண்மை பெற மாதங்கள் ஆகும். உவர்மண்ணும் வெள்ளாவியும் கொடிய வெயிலும் துணையாக நம் வண்ணார் பெருமக்கள் சில நாட்களில் முடித்த காரியம் அது.

வெளுத்த துணிக்கு அடுத்தது அச்சு. இங்கேதான் நம் கரையின் கதை வந்து சேர்கிறது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து கப்பலேறிய சித்திரத் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் மாதரின் மனத்தைக் கொள்ளைகொண்டன. கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்த துணியில் படிகாரக் கரைசலால் சித்திரம் எழுதி, இராமநாதபுரத்துக் கடற்கரையிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணலிலிருந்து தோண்டியெடுத்த சாயவேரோடு கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவப்பு நிலைத்து நிற்கும். எத்தனை முறை துவைத்தாலும் வெளிறாத அந்தச் சிவப்பின் இரகசியம் ஐரோப்பாவுக்கு நெடுநாள் பிடிபடவில்லை. தம் பிழைப்பு கெட்டதென்று இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர் கொதித்தெழவே, 1700ஆம் ஆண்டு பார்லிமெண்ட் ஒரு சட்டம் இயற்றி, அச்சிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்குமதி செய்வதைத் தடுத்தது. ஆனால் அச்சிடாத வெள்ளைத் துணிக்குத் தடையில்லை. ஆகவே நம் நெசவாளர் நெய்த வெள்ளைத் துணியை வரவழைத்து, நம் சித்திரக்காரரைப் பார்த்து ஆக்கிய அச்சுக்கட்டைகளால் லண்டனைச் சுற்றிய ஆற்றங்கரைகளிலேயே அச்சிடும் தொழில் வளர்ந்தது. வாண்டில் அக்கரைகளுள் முதன்மையானவற்றில் ஒன்று. 1721இல் வேறொரு சட்டம் அதையும் முடக்கப் பார்த்தது. 1774இல் பிரிட்டிஷ் பருத்தித் துணிக்கு விலக்களிக்கப்பட்டதும் தொழில் முன்னிலும் வேகமாகப் பெருகிற்று. நம் கரையிலோ, 1734ஆம் ஆண்டு கவர்னர் மார்ட்டன் பிட் சென்னையில் கூவம் வளையும் இடத்தில் நெசவாளரையும் சாயக்காரரையும் வண்ணாரையும் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை நிறுவி ஊக்கமளித்த அதே தொழில், அடுத்த நூற்றாண்டில் எந்திரத் துணியின் வெள்ளத்தில் நிலைகுலைந்தது. ஒரு கரையின் வித்தை மற்றொரு கரையின் செல்வமாக மாறிய வரலாற்றை இந்தப் புல்தரையில் நின்று நினைக்கும்போது நெஞ்சு கனக்காமல் இராது.

மேலும் சிறிது தூரத்தில் மெர்ட்டன் அபி மில்ஸ் என்னும் பழைய அச்சுக்கூடம். ரீஜண்ட் வீதியில் 1875இல் கடை திறந்து கீழைநாட்டுப் பட்டுக்களை விற்றுப் பிரசித்தியடைந்த லிபர்ட்டி கம்பெனியார், இந்தக் கூடத்தை 1904இல் தமதாக்கிக்கொண்டு, கட்டை கட்டையாக அச்சிட்ட பட்டை ஆற்றுநீரிலேயே அலசினார்கள். இப்போது அங்கே கைவினைக் கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் நடக்கின்றன. நீர்ச்சக்கரம் இன்றும் சுழல்கிறது.

இதற்கு அருகே, வாகனங்கள் விரையும் மெரான்டன் வே சாலைக்கு நேர் கீழே, பலரும் அறியாத ஓர் அறை உண்டு. அதனுள் இறங்கினால் தரைமட்டத்துக்குச் சற்றே உயர்ந்த கற்சுவர்களின் அடிவரிசைகளும், கிழக்கே அரைவட்டமாக வளையும் முனையும் தெரிகின்றன. தலைக்கு மேல் சாலையின் கான்கிரீட் கூரை. முன்னே குறிப்பிட்ட பெருங்கோயிலைக் கொண்டிருந்த மெர்ட்டன் மடாலயத்துத் துறவிகள் தினமும் கூடி ஆலோசித்த மண்டபத்தின் எச்சம் இதுவே. சர்ரேயின் ஷெரிப்பாயிருந்த கில்பர்ட் என்னும் நார்மன் வீரர், 1114இல் அகஸ்டின் சபைத் துறவிகளுக்காக இம்மடத்தை ஸ்தாபித்தார். சில ஆண்டுகளில் அது இந்த ஆற்றோர நிலத்துக்கு மாறிற்று. தாமஸ் பெக்கெட் பாலகனாகக் கல்வி கற்றது இங்கேதான். பிற்காலத்தில் கான்டர்பரியின் பேராயராகி, 1170 டிசம்பர் 29 அன்று தம் பேராலயத்துக்குள்ளேயே அவர் வெட்டுண்டு வீழ்ந்தபோது, அருகிருந்தவர்களுள் ஒருவர் அவருடைய ஞானகுருவான ராபர்ட் என்னும் மெர்ட்டன் துறவி. பேராயரின் ஆடம்பர அங்கிக்கு உள்ளே உடலை உறுத்தும் மயிராடை இருந்ததை மற்றவர்களுக்குக் காட்டியவரும் அவரே. 1236இல் மூன்றாம் ஹென்றி மன்னரும் பிரபுக்களும் இம்மடத்தில் கூடி வகுத்த மெர்ட்டன் சாசனம், ஆங்கிலச் சட்டத் தொகுதியின் ஆதி சாசனங்களுள் எண்ணப்படுவது.

அம்மடத்தின் முடிவு கொடிது. 1538 ஏப்ரலில் எட்டாம் ஹென்றியிடம் மடம் ஒப்படைக்கப்பட்டது; சில நாட்களுக்குள் இடிப்பும் தொடங்கிற்று. அரசர் ஈவெல் அருகே புதிதாக எழுப்பிய நான்சச் அரண்மனையின் அஸ்திவாரத்தில் தேவாலயத்தின் சிற்பக் கற்கள் வண்டி வண்டியாகக் கொண்டுபோய்ப் போடப்பட்டன. அந்த அரண்மனையும் நிலைக்கவில்லை. 1680களில் அதன் உடைமைக்காரியே அதை இடித்து விற்றுவிட்டார். 1959இல் அங்கே அகழ்ந்தபோது மெர்ட்டன் கற்கள் வெளிப்பட்டன.

மடத்தின் எல்லைக்குள்ளேயே, ஆற்றை ஒட்டி, 1881ஆம் ஆண்டு துணி வடிவமைப்பாளரான வில்லியம் மாரிஸ் தம் தொழிற்கூடத்தை அமைத்தார். இடத்தைத் தேர்ந்ததற்கு ஆற்றுநீரின் தூய்மையே முக்கிய காரணம். மான்செஸ்டரின் ஆலைகள் மலிவான செயற்கைச் சாயங்களில் மூழ்கியிருந்த காலத்தில், அவர் நம் அவுரியின் நீலச் சாயத்தையும், மஞ்சிட்டி இனத்து வேர்ச்சிவப்பையும் நாடினார். தரையில் ஆழப் பதித்த தொட்டிகளில் துணியை அமிழ்த்தி எடுக்கும்போது அது பசுமஞ்சளாகத் தோன்றும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். முழுத் துணியையும் அவ்வாறு நீலமாக்கி, பின்பு வெளுப்புக் குழம்பை அச்சுக்கட்டையால் பதித்து, வேண்டாத இடத்தில் நீலத்தைக் களைந்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவது அவர் கையாண்ட முறை. நம் சித்திரக்காரர் நீலம் படக்கூடாத இடத்தை முதலிலேயே மெழுகால் மூடிவிடுவர். இவர் பின்னால் களைந்தார். இரண்டுக்கும் வேண்டியது ஒரே பொறுமை. பறவைகள் ஸ்ட்ராபெரிப் பழம் திருடும் அவருடைய புகழ்பெற்ற துணி 1883இல் இவ்வாறே உருவானது. மறு ஆண்டு தாம் ஆக்கிய ஒரு துணிக்கு வாண்டில் என்றே பெயரிட்டார். பிரிட்டிஷ் வாணிகத்தால் இந்தியக் கைவினைகள் அழிவதை எண்ணி அவர் பகிரங்கமாக வருந்திப் பேசியவர் என்பதையும் இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். தொழிற்கூடம் 1940இல் மூடப்பட்டது.

மாரிஸின் கருத்துகளைத் தமிழுலகில் ஏந்தியவர், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான அவர், இலங்கையில் கனிமவள ஆய்வை நடத்திய ஆண்டுகளில் கண்டி நாட்டுக் கொல்லர், தச்சர், நெசவாளர் ஆகியோரின் வேலைகளை ஊர் ஊராய்ச் சென்று பதிவு செய்தார். மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் இங்கிலாந்திலேயே, அவருடைய பிராட் கேம்ப்டன் இல்லத்தில், கையால் இயக்கும் அச்சில் அடிக்கப்பட்டு 1908இல் வெளிவந்தது. அந்த அச்சு, அதற்கு முன்பு மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஓடிய அதே அச்சு.