உறையைப் பிரிக்காதே!

1960-ம் வருடம். நியூஜெர்சி கரையிலிருந்து ஒரு படகு அட்லாண்டிக் கடலுக்குள் போகிறது. படகு நிறைய அட்டைப்பெட்டிகள். கூடவே ஓர் ஆசாமி. கரையை விட்டு நன்றாக விலகியதும் பெட்டிகளைக் கடலில் தள்ளுகிறார்கள். ஆசாமி நிம்மதியாக வீடு திரும்புகிறார்.

கடத்தல் சரக்கு என்று நினைத்தீர்களா? இல்லை. பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகள். ஆசாமியின் பெயர் சை பெர்கர். டாப்ஸ் என்கிற புரூக்ளின் பபுள்கம் கம்பெனியில் வேலை. வேடிக்கை என்னவென்றால், கடலில் போன அந்தக் கார்டுகளைத் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வடிவமைத்தவரே அவர்தான்.

1952-ல் வந்த கார்டுகள் அவை. பபுள்கம் வாங்கினால் உறைக்குள் கார்டு இருக்கும். மொத்தம் 407 கார்டுகள். 311-ல் தொடங்கும் கடைசித் தொகுதி கடைக்கு வந்தபோது பேஸ்பால் சீஸனே முடிகிற நேரம். பையன்கள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவிவிட்டார்கள். சரக்கு அப்படியே தேங்கிவிட்டது. எட்டு வருடம் கிடங்கில் தூங்கியது. அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறேன் என்றாலும் வாங்க ஆளில்லை. கிடங்கில் இடம் வேண்டும். என்ன செய்வது? கடல்தான். பெர்கர் பிற்பாடு சொன்ன கணக்குப்படி 300 முதல் 500 பெட்டிகள்.

அந்தத் தொகுதியின் முதல் கார்டு, 311-ம் நம்பர், நியூயார்க் யாங்கீஸ் வீரர் மிக்கி மாண்டில். கடலில் விழாமல், நசுங்காமல், மூலை மடங்காமல் தப்பித்த மாண்டில் கார்டு ஒன்றை 1991-ல் ஒருவர் 50,000 டாலர் கொடுத்து வாங்கினார். 2022 ஆகஸ்டில் ஏலத்துக்கு வந்தபோது அதன் விலை 1 கோடியே 26 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய்.

எனக்கு காமர்ஸ் புத்தி. உடனே கால்குலேட்டரை எடுத்துவிட்டேன். 31 வருடம், 252 மடங்கு. கூட்டுவட்டியில் ஆண்டுக்கு 19 சதவிகிதத்துக்கு மேல். எந்த வங்கி தரும்?

அவசரப்படாதீர்கள். இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

பழைய கார்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் விலை கிடைக்கிறது என்கிற செய்தி 1980-களில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. சின்ன வயதில் சேர்த்த கார்டுகளை அம்மா குப்பையில் போட்டுவிட்டாளே என்று புலம்பிய தலைமுறை அது. இந்த முறை ஏமாறக்கூடாது என்று முடிவு செய்தார்கள். கடைக்குப் போனார்கள். உறை உறையாக இல்லை, பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பிரிக்கவில்லை. சீல் உடையாமல் அப்படியே பரணில் ஏற்றினார்கள். பையன் காலேஜ் போகும்போது எடுத்து விற்றால் ஃபீஸ் கட்டிவிடலாம் அல்லவா?

கம்பெனிகளுக்குக் கசக்குமா? அதுவரை டாப்ஸின் தனிக்காட்டு ராஜ்ஜியம். 1981-ல் ஃப்ளீர், டான்ரஸ் இரண்டும் களத்தில் குதித்தன. 1988-ல் ஸ்கோர். 1989-ல் அப்பர் டெக். இவர்கள் ஒரு படி மேலே போய், பிரித்தால் தெரிந்துவிடும் பளபள உறை, ஹாலோகிராம் முத்திரை எல்லாம் கொண்டுவந்தார்கள். முதல் கார்டாக 19 வயது கென் கிரிஃபி ஜூனியர். பையன் பின்னாளில் பெரிய நட்சத்திரம் ஆனான். கணிப்பு பலித்தது. ஆனாலும் வாங்கி வைத்தவர்கள் கோடீஸ்வரர் ஆகவில்லை.

ஏன்?

அத்தனை பேரும் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் காரணம். அச்சு இயந்திரம் இரவு பகலாக ஓடியது. எவ்வளவு அடித்தோம் என்று கம்பெனிகள் வாயே திறக்கவில்லை. 1994 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். அந்த வருடம் உலகத் தொடர் என்கிற இறுதிப் போட்டியே நடக்கவில்லை. ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். சந்தை சரிந்தது. இன்று அந்தக் காலகட்டத்துக்கே ‘குப்பை மெழுகு யுகம்’ என்று பெயர். மெழுகு? கார்டு சுற்றி வந்த மெழுகுத் தாள்தான். பரணில் ஏறிய பெட்டிகளில் பல, வாங்கிய விலைக்கே திணறின.

மாண்டில் கார்டு ஏன் விலை போனது என்று இப்போது மறுபடி யோசியுங்கள். அதை யாரும் முதலீடாகப் பார்க்கவில்லை. பையன்கள் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி டரடரவென்று ஓட்டினார்கள். அம்மா குப்பையில் போட்டாள். கம்பெனியே கடலில் போட்டது. இத்தனை பேர் அழித்ததால்தான் மிச்சமிருந்ததற்கு மவுசு. 1980-களின் பெட்டிகளை அழிக்க ஒருவரும் இல்லை. எல்லோரும் புத்திசாலி ஆனபோது புத்திசாலித்தனத்துக்கு விலை இல்லாமல் போய்விட்டது.

அப்படியென்றால் சீல் பெட்டியே மோசமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அந்தக் கட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல வாதம் உண்டு. பழைய கார்டு எண்ணிக்கையில் பெரிதாகக் குறையாது. இன்று பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது. சீல் பெட்டி அப்படியில்லை. ஆசை தாங்காமல் ஒருவன் பிரிக்கும்போதெல்லாம் உலகத்தில் ஒன்று குறைகிறது. கனடாவில் ஒரு வீட்டில் 1979-80 சீஸனின் ஐஸ் ஹாக்கி கார்டுகள் பிரிக்காத பெட்டிகளாகக் கிடைத்தன. வேய்ன் கிரெட்ஸ்கியின் அறிமுகக் கார்டு வந்த வருடம். 16 பெட்டிகள், 10,000-க்கு மேல் கார்டுகள். 2024 பிப்ரவரியில் ஏலம் 37 லட்சம் டாலரைத் தாண்டியது. உள்ளே எத்தனை கிரெட்ஸ்கி? யாருக்கும் தெரியாது. அந்தத் ‘தெரியாது’வுக்குத்தான் விலை.

அதே தெரியாததுதான் ஆபத்தும். லோகன் பால் என்கிற யூடியூப் பிரபலம், போகிமான் கார்டுகளின் முதல் பதிப்பு என்று நம்பி, பிரிக்காத பெட்டிகள் அடங்கிய ஒரு கேஸை 35 லட்சம் டாலருக்கு வாங்கினார். நிபுணர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன சரக்கு. சந்தேகம் கிளம்பியதால் 2022 ஜனவரியில் கேமரா முன்னால் திறந்தார். உள்ளே ஜி.ஐ. ஜோ கார்டுகள்! பொம்மைச் சிப்பாய்கள்! திறக்காமலே இருந்திருந்தால் அது இன்னொருவர் தலையில் கைமாறியிருக்கும். இதுதான் விசித்திரம். திறந்தால் மதிப்பு போய்விடும், திறக்காவிட்டால் உண்மை தெரியாது.

பழைய கார்டு மட்டும் சுத்தத் தங்கமா? ஹோனஸ் வாக்னர் என்ற பழைய வீரரின் கார்டு, 1909-ஐ ஒட்டி சிகரெட் பெட்டியில் வந்தது. பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கிய ஒரு வாக்னர் கார்டை 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கியவர்களில் அதே கிரெட்ஸ்கியும் ஒருவர். 2007-ல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்கிற ஏலக்காரர் ஒப்புக்கொண்டார்: அந்தக் கார்டின் ஓரத்தை அழகாகத் தெரிவதற்காக வெட்டியது நான்தான்! மதிப்பெண் போட்டவர்கள் கண்ணிலும் மண்.

ஆக, இரண்டிலும் பள்ளம் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். பழைய கார்டில் சந்தேகம் வந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். அளக்கலாம். சீல் பெட்டியில் நீங்கள் வாங்குவது இன்னொருவரின் வாக்குறுதியை. தவிர, இரண்டுமே வட்டி தராது, டிவிடெண்ட் தராது. உங்களைவிட ஆசை அதிகமுள்ள ஒருவர் வந்து கதவைத் தட்டும்வரை பூச்சியும் ஈரமும் அண்டாமல் காவல் காக்க வேண்டும். அது முதலீட்டாளர் வேலை இல்லை. வாட்ச்மேன் வேலை.

நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, ‘லிமிடெட் எடிஷன் சார், பிரிக்காமல் வைங்க, பத்து வருஷத்துல பத்து மடங்கு’ என்று சொல்லலாம். கார்டாக இருக்கலாம், நாணயமாக இருக்கலாம், பொம்மையாக இருக்கலாம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

‘இதை இன்றைக்கு எத்தனை பேர் தூக்கிப் போடுகிறார்கள்?’

ஒருவரும் இல்லை என்று பதில் வந்தால், பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். பையனுக்கு ஒரே ஒரு உறை வாங்கிக் கொடுங்கள். பிரித்து விளையாடட்டும்.