புத்தளம் எந்தத் திசையில் இருக்கிறது?

கொழும்பிலிருந்து பார்ப்பவருக்குப் புத்தளம் வடக்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெற்கு. அரசாங்க ஏடுகளில் அது வடமேல் மாகாணத்து ஊர். இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதுவோர் வடக்கு, கிழக்கு, தெற்கு என்று மூன்றாக வகுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால், புத்தளத்தாரை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டுப் போவதுண்டு.

ஒரு நகரம் எந்தப் பிரதேசத்துக்குரியது, எந்தப் பண்பாட்டுக்குரியது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? எல்லைக்கோடு வரைந்த அதிகாரியா, அங்கு பேசப்படும் மொழியா, அங்கு நடக்கும் தொழிலா, அல்லது அங்கு வாழ்பவர்கள் தாமேயா? புத்தளத்தின் வரலாற்றைப் புரட்டினால் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை தருவதைக் காணலாம்.

உப்பும் கடலும்

பெயரிலிருந்தே தொடங்கலாம். அளம் என்றால் உப்பு விளையும் இடம். புதிய அளம் என்பதே புத்தளம் ஆயிற்று என்று பொதுவாகப் பொருள் கூறுவர். மண்ணில் விளையும் பண்டத்தின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்ட ஊர் இது.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, தாம் கரையிறங்கிய நகரைப் பத்தாலா என்று குறிப்பிடுகிறார். அது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகரம் என்று அதை அவர் வருணிக்கிறார். வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட கறுவா மரங்கள் கரையில் குன்றுபோல் குவிந்து கிடந்ததையும், இந்தியாவின் தென்கரை மக்கள் வந்து அவற்றை ஏற்றிச் சென்றதையும், அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் கையளித்ததையும் சொல்கிறார். அங்கு அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி. வடக்கே யாழ்ப்பாணத்தில் ஆட்சி செய்த இம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்றும், பாவாத மலைக்குச் செல்ல விரும்பிய தமக்குத் துணையாட்களைத் தந்து அனுப்பினான் என்றும் அவர் எழுதுகிறார்.

மொறோக்கோவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பயணி. அவனோடு பேச வல்ல ஒரு தமிழ் இந்து மன்னன். இருவருக்கும் இடையே பாரசீக மொழி. பயணத்தின் முடிவில் பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும் தத்தமக்குரியதெனக் கொள்ளும் ஒரு மலையுச்சி. அன்றைய புத்தளத்துக்குப் பிரதேச அடையாளம் ஒன்று இருந்திருக்குமானால் அது கடல்தான். அதன் அயல் ஊர்களாக அப்போது விளங்கியவை காயலும் கொல்லமும். குருநாகலும் அனுராதபுரமும் அவற்றுக்குப் பின்னரே.

பின்னாளில் கண்டி இராச்சியத்துக்கு இது கடல்வாயிலாயிற்று. மலைநாட்டார்க்கு உப்பு வேண்டும்; கருவாடு வேண்டும். பொதிமாட்டுத் தவளங்கள் இவற்றை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்றன. பாக்கு இறங்கி வந்தது. இந்த வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. இதன் பெறுமதியை நன்கறிந்த ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினர். களப்பின் வாயிலில் உட்கார்ந்துகொண்டால் கண்டியின் உப்பைக் கட்டுப்படுத்தலாம் என்பது அவர்கள் கணக்கு. 1766 உடன்படிக்கையின் பின் கரை முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் முகம் மட்டும் கடலுக்கும் மலைக்குமாக மாறி மாறித் திரும்பியது.

கோடு வரைந்தவர்கள்

1833இல் ஆங்கிலேயர் நாட்டை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது புத்தளம் மேல் மாகாணத்தில் சேர்க்கப்பட்டது. 1845இல் வடமேல் மாகாணம் உருவாயிற்று. தொடக்கத்தில் அதன் தலைநகராகப் புத்தளமே இருந்தது. பின்னர் அந்தத் தகுதி குருநாகலுக்குச் சென்றது. சிலாபம் ஒருகாலத்தில் தனி மாவட்டமாக இருந்து பிறகு புத்தளத்தோடு இணைக்கப்பட்டது. இதனால் தமிழ் பேசும் ஒரு கடற்கரை நகரம், பெரும்பான்மையாகச் சிங்களம் பேசும் ஒரு மாகாணத்தின் ஓரத்து ஊராயிற்று. 1926இல் புகையிரதப் பாதை புத்தளத்தை எட்டியது. அதன் மறுமுனை கொழும்பு. வில்பத்துக் காட்டினூடே எழுவன்குளம் வழியாக மன்னாருக்குச் சென்ற பழைய வீதியோ யுத்தகாலத்தில் மூடப்பட்டது. யுத்தம் முடிந்தபின் அதைத் திறப்பதா இல்லையா என்ற வாதம் நீதிமன்றம் வரை சென்றது. ஒரு வீதி திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒரு நகரை வடக்காக்கவும் தெற்காக்கவும் வல்லது.

இன்னொரு பக்கத்தில், தமிழீழ வரைபடங்களில் புத்தளக் கரையும் சேர்த்து வரையப்பட்டது. ஒரு கோடு புத்தளத்தை வெளியே தள்ளியது. மற்றது உள்ளே இழுத்தது. அங்குள்ளவர்களிடம் இரு தரப்பாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மொழியும் பள்ளிக்கூடமும்

அடையாளத்தை மொழியால் அளக்கலாமே என்று சிலர் கூறலாம். இக்கரையின் தமிழுக்கு வரலாறு உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கைக்கான தகவற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் அவரது ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் வந்தது. இலங்கை முஸ்லிம்களின் பழக்கவழக்கங்கள் பற்றியும் அவர் எழுதினார். தமிழிலக்கிய வரலாற்றின் முதல் முயற்சிகளுள் ஒன்று இக்களப்பின் கரையில் பிறந்த ஒரு கிறிஸ்தவரிடமிருந்து வந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆயினும் மொழி நிலையான சாட்சி அன்று. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையிலுள்ள கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் பலவற்றில் வீட்டுமொழி தமிழாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமாக மாறிற்று. இரண்டு மூன்று தலைமுறைக்குள் வீட்டுமொழியும் மாறிவிட்டது. தமிழில் பேசும் பாட்டிக்குப் பேரன் சிங்களத்தில் பதில் சொன்ன குடும்பங்கள் அங்கு ஏராளம். அதே மாவட்டத்தில் உடப்பு தமிழாகவே நின்றது. அதன் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பும் நின்றது. புத்தளத்து முஸ்லிம்களும் தமிழிலேயே நின்றார்கள். இதற்குப் பள்ளிவாசலும் மத்ரஸாவும் தமிழ்மொழிப் பாடசாலைகளும் துணைசெய்தன. ஓர் ஊரின் நாளைய அடையாளம் அதன் முதலாம் வகுப்பில் எழுதப்படுகிறது என்று ஆசிரியனாகிய நான் சொன்னால் அது தொழிற்பற்று என்று கருதவேண்டாம். இக்கரை காட்டும் பாடம் அது.

புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் வாழ்கிறார்கள். போர்த்துக்கேயர் முதலான ஐரோப்பியரால் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் இவர்கள். ‘மஞ்ஞா’ எனும் அவர்களது ஆட்டப்பாட்டில் போர்த்துக்கேயக் கலப்புமொழியின் எச்சம் இன்னும் கேட்கிறது. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் செல்கிறார்கள். புத்தளத்தை ஒரே சொல்லால் அழைக்க விரும்புபவர் இவர்களில் யாரையாவது விட்டுவிடத்தான் வேண்டும்.

1990க்குப் பின்

1976 பெப்ரவரியில் புத்தளப் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் ஏழு முஸ்லிம்கள் உயிரிழந்தனர். நாடாளுமன்றத்தில் அதற்காகக் குரல் எழுப்பியவர் தந்தை செல்வா. பதினான்கு ஆண்டுகளின் பின், 1990 ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கற்பிட்டியில் கரையேறினார்கள். கால்நடையாகவும் லொறிகளிலும் வந்தவர்களும் புத்தளத்தையே அடைந்தார்கள். வரைபடத்தில் புத்தளத்தைத் தமக்குரியதாக வரைந்தவர்கள், தமக்குரியவர்களாக இருந்தோரைப் புத்தளத்துக்குத் துரத்தினர்.

புத்தளத்து மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள். காணி கொடுத்தார்கள். தென்னந்தோப்புகளிலும் உப்பளங்களை ஒட்டிய வெளிகளிலும் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. காலம் நீண்டபோது கசப்பும் வந்தது. தண்ணீர், பாடசாலை இடம், கூலி வேலை என எல்லாவற்றிலும் நெருக்கடி ஏற்பட்டது. ‘ஊரவர்’, ‘அகதி’ என்ற இரு சொற்கள் ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்களுக்கிடையே நின்றன. வந்தவர்களில் பலரின் வாக்குப் பதிவு வடக்கிலேயே இருந்தது. வாழ்க்கை புத்தளத்தில், வாக்கு மன்னாரில். 2007இல் உலக வங்கியின் உதவியுடன் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோதும், வீடு கட்டினால் திரும்பிப்போகும் உரிமை போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கு இருந்தது.

பாடசாலை இடாப்பில் ‘சொந்த ஊர்’ என்று கேட்டால், 1990க்குப் பிறகு இங்கு பிறந்த பிள்ளை என்ன எழுதும்? தகப்பன் சொல்லித்தந்த யாழ்ப்பாணத்து ஐந்து சந்தியையா, தான் ஓடி விளையாடிய உப்பளக் கரையையா? அப்பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் அகதி என்று அழைப்பது எந்த நியாயத்தில்? முசலியும் எருக்கலம்பிட்டியும் தமது ஊர் என்று அவர்கள் சொல்வதற்கும், புத்தளமும் தமது ஊர் என்று சொல்வதற்கும் இடையே முரண்பாடு இருப்பதாக நான் கருதவில்லை. மனிதனுக்கு இரண்டு ஊர்கள் இருக்கலாம். அதை ஏற்க மறுப்பது விண்ணப்பப் படிவம்தான்.

இப்னு பதூதாவின் காலத்திலிருந்தே புத்தளம் வருபவர்களால் ஆன ஊர். உப்புக்கு வந்தவர்கள், முத்துக்கு வந்தவர்கள், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டவர்கள், துரத்தப்பட்டு வந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளமானது. இன்று ‘நாங்கள்தான் பழைய புத்தளத்தார்’ என்று சொல்லும் குடும்பங்களும் அப்பட்டியலில் எங்கோ ஓரிடத்தில் இருக்கின்றன. மாகாண எல்லை அவ்வூரின் கச்சேரி எது என்பதைச் சொல்லும். மொழி அதன் பள்ளிக்கூடத்தைச் சொல்லும். ஆனால் அவ்வூர் யாருடையது என்ற கேள்விக்கு, அங்கு தமது மையித்துகளை அடக்கியவர்களும் அங்கு பிள்ளைகளைப் பெற்றவர்களும் சொல்லும் பதிலே செல்லும். அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை 1990இல் வந்தவர்களுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. நமது எழுத்தாவது அதை அவர்களுக்குக் கொடுக்கவேண்டும்.