பச்சையப்ப முதலியாரின் உயில்

தென்னிந்தியாவில் தனியார் கொடையால் எழுந்த கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பேசும் எவரும் பச்சையப்ப முதலியாரின் பெயரை விட்டுவிட்டு மேலே செல்ல முடியாது. ஆயினும் அவர் 1794இல் மறைந்தபோது அவர் கட்டிய பள்ளிக்கூடம் என்று ஒன்றும் இருக்கவில்லை என்பதும், அவர் பெயரால் முதல் பள்ளி திறக்கப்பட ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று என்பதும் பலர் கவனிக்காத செய்திகள்.

1754இல் காஞ்சிபுரத்தில், தந்தை இறந்தபின் பிறந்த குழந்தை அவர். வறுமையில் வாடிய அக்குடும்பத்துக்குச் சென்னையின் செல்வாக்கு மிக்க துபாஷியான பவுனி நாராயண பிள்ளையின் ஆதரவு கிடைத்தது. துபாஷி என்பவர் ஆங்கில வணிகருக்கும் அதிகாரிக்கும் மொழிபெயர்ப்பாளராகவும், தரகராகவும், கணக்கராகவும், பல வேளைகளில் கடன் திரட்டித் தருபவராகவும் இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபம் பெரும்பாலும் இவர்களுடைய கைவழியாகவே நடந்தது. அத்தொழிலைப் பிள்ளையிடம் கற்றுத் தேர்ந்த பச்சையப்பர், தஞ்சை அரசு கம்பெனிக்குக் கட்டவேண்டிய கிஸ்து என்னும் தவணைத் தொகைக்காகக் கடன் கொடுத்து வாங்கும் கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்டு, நாற்பது வயதுக்குள் பெரும் பொருள் ஈட்டினார். அப்பொருளின் ஒரு பகுதி நெருக்கடியில் இருந்த ஓர் அரசின் வட்டிப் பணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய தனித்தன்மை விளங்குகிறது.

இறப்பதற்குச் சில நாள் முன்னர் அவர் எழுதிவைத்த உயில், கோயில் கட்டளைகளுக்கும் பிற தருமங்களுக்கும் தம் செல்வத்தை ஒதுக்கியது. கட்டளை என்பது, குறிப்பிட்ட பூசையோ அன்னதானமோ தவறாமல் நடப்பதற்கென்று நிரந்தரமாக விடப்படும் முதலீடு. அக்காலத்துச் செல்வர் பலர் தருமத்தை வாய்மொழியாகச் சொல்லிச் சென்றிருக்க, இவர் எழுத்தில் வைத்தது பிற்காலத்தில் எல்லாவற்றையும் காப்பாற்றியது. வாரிசுகளின் வழக்கில் தருமங்கள் தடைபட்டு, சொத்து சென்னை உச்ச நீதிமன்றத்தின் பொறுப்புக்கு வந்தபோது, பணம் வட்டியுடன் வளர்ந்து, உயிலில் சொன்ன கட்டளைகளுக்குப் போக மிச்சம் நின்றது. அந்த மிச்சத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்ற ஏற்பாடு உருவாவதற்குப் பெரிதும் பாடுபட்டவர் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். உயிலின் உள்நோக்கத்தை உணர்ந்து, அதன் எழுத்தையும் மீறாமல் விரித்துக்காட்டிய அவரையும், நிர்வாகத்தை ஏற்ற இந்துத் தருமகர்த்தர்களையும் நினையாமல் பச்சையப்பரை மட்டும் போற்றுவது நியாயமாகாது.

அந்த ஏற்பாட்டின்படி, பச்சையப்பர் பெயரிலான முதல் பள்ளி 1842 சனவரி 1ஆம் நாள் சென்னைப் பிராட்வேயில் தொடங்கியது. ஏழை இந்துச் சிறுவர்களுக்குக் கட்டணமின்றி ஆங்கிலத்துடன் தமிழும் தெலுங்கும் கற்பித்த அது, பெரும்பாலும் மிஷன் பள்ளிகளே ஆங்கிலம் கற்பித்த ஒரு காலத்தில், மதமாற்றத்துக்கு அஞ்சிய குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதலாயிற்று. 1850இல், இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஆளுநர் ஹென்றி பாட்டிங்கர் திறந்துவைத்த அதன் கட்டடம் ஏதென்ஸ் நகரத்துத் தீசியஸ் கோயிலை ஒட்டி அமைந்தது. தெருவின் இரைச்சலுக்கு மேலே, முகப்பில் வரிசையாக நிற்கும் அதன் பருத்த தூண்களைப் பார்ப்பவர், தமிழ்க் கோயில்களுக்கென்று வைத்த பணத்தின் மிச்சம் கிரேக்கக் கோயிலின் வடிவம் எடுத்திருப்பதைக் காணலாம்.

பள்ளி 1889இல் கல்லூரியாக உயர்ந்து, 1940இல் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. கணித மேதை இராமானுசன் இங்குப் படித்துத் தேர்வில் வெல்லாமல் வெளியேறினார். பின்னாளில் அண்ணாதுரை இங்கேதான் பட்டம் பெற்றார். இந்து மாணவர்க்கு மட்டுமே என்ற விதி 1947 வரை நீடித்தது. கல்விக்கு ஏங்கிய பிறரை ஒரு நூற்றாண்டு வெளியே நிறுத்திய அந்த வரம்பு வருந்தத்தக்கதே. அவ்விதி தளர்ந்த அதே ஆண்டில் காஞ்சிபுரத்திலும் பச்சையப்பர் பெயரால் கல்லூரி ஒன்று எழுந்தது. பின்னர் கந்தசாமி நாயுடு என்பவரின் அறக்கொடையும் பச்சையப்பன் அறக்கட்டளையின் பொறுப்பில் சேர, சென்னையிலும் கடலூரிலும் நாயுடுவின் பெயரில் கல்லூரிகள் அமைந்தன.