‘பால் காணாது’ - ஓர் அச்சத்தின் வரலாறு

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரை ஊர்களிலும் பிள்ளை பெற்ற வீடுகளில் அடிக்கடி எழும் சொல் ஒன்றுண்டு: ‘பால் காணாது.’ பெற்ற மூன்றாம் நாளே தாய் அதைச் சொல்வாள். பிள்ளை அழுந்தோறும் அயலார் அதை வழிமொழிவர். இவ்வச்சம் உடலின் குறையால் மட்டும் பிறந்ததன்று. வணிகமும் போரும் வறுமையும் சேர்ந்து வளர்த்த வரலாறு ஒன்று அதற்குண்டு.

முன்னாளில் இக்கரையோர மக்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? பால்சுறாவும் முருங்கையிலையும் உள்ளியும் மிளகும் தாயின் பத்தியக் கறியாயின. பால்சுறா தானாகவே பாலைப் பெருக்கிவிடும் என்று கூறுவதற்கில்லை. எனினும் அக்கறியைச் சமைத்த கைகள் தாயை வேலையிலிருந்து விடுவித்துப் பிள்ளையோடு படுத்திருக்க விட்டன. அதுவே மெய்யான மருந்து. பழமை யாவும் நன்றென்று கொள்வதும் தவறு. மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சி எறிந்து, பிள்ளைக்குச் சீனித்தண்ணீர் கொடுத்த வழக்கமும் அப்பழமையைச் சேர்ந்ததேயாகும்.

பால் சுரப்பு மணற்கேணியின் ஊற்றை ஒத்தது. இறைக்க இறைக்க ஊறும். பிள்ளை உறிஞ்சும்போது புரோலாக்டின் என்னும் சுரப்பு நீர் பாலை உண்டாக்குகிறது. ஒக்சிரோசின் அதனை வெளியே இறக்குகிறது. வலியும் அச்சமும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தலாம். ஆயின் அவற்றால் மட்டும் ஊற்று வற்றிவிடுவதில்லை. இவ்வேளையில் புட்டி குறுக்கிட்டால் பிள்ளை மார்பில் உறிஞ்சுவது குறையும். உறிஞ்சுவது குறையப் பாலும் குறையும். இல்லாத குறையைப் புட்டியே உண்டாக்கிவிடுகிறது.

இந்த உண்மையை மறைத்தே பால்மா வணிகம் வளர்ந்தது. சிங்கப்பூரில் தாதியர் போல் உடுத்த பெண்கள், ஏழைத் தாய்மாரிடம் இனிப்பூட்டிய டின்பாலைப் பரப்பினர். அதனால் குழந்தைகள் மாண்டதைக் கண்ட மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் அங்குள்ள றோட்டரிக் கழகத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் முழங்கினார். 1977இல் நெஸ்லே நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் நெறிக்கோவையை நிறைவேற்றியபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது ஒரே நாடு, அமெரிக்கா. எவருடைய நலன் அங்கே பேசியது என்பதை விளக்கவும் வேண்டுமோ? இலங்கை அந்நெறியை விரைந்து ஏற்று, 1983இல் அதற்குச் சட்டவலுவும் அளித்தது.

ஆனால் மன்னார்த் தாய்மாருக்கு அப்போதே வேறொரு துயரம் மூண்டது. 1990இல் போர் அவர்களை மடுவுக்கும் பேசாலைக்கும் துரத்தியது, அவ்விடங்களில் ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் புகலிட முகாம்கள் எழுந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்கள் புத்தளக் கரையில் ஓலைக்கொட்டில்களில் ஒதுங்கின. தாய் ஓரிடம், மகள் ஓரிடம் எனச் சிதறிய வாழ்வில் பத்தியக் கறி எங்கே? பக்கத்தில் இருக்கும் கைகள் எங்கே? நல்ல நீரும் விறகும் அரிதான முகாமில் புட்டிப்பால் வயிற்றோட்டத்தின் வாயிலாகும். தாயின் மார்பே அங்கு குழந்தையின் காவலரண்.

இத்தனைக்குப் பின்னும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். களுத்துறையில் 1926இல் தொடங்கிய பொதுச் சுகாதார முறையின் வழிவந்த, வீடு தேடிச் செல்லும் குடும்பநல மாது இதில் பெரும்பங்காற்றியவள். அவள் தாய்க்குச் சொல்வது எளிய செய்தியே: முதல் நாட்களில் பிள்ளையின் இரைப்பை மிகச் சிறிது, சொற்பச் சீம்பாலே போதும். நாளுக்கு எட்டுமுதல் பன்னிரண்டு முறை பால் கேட்பது இயல்பு. ஐந்தாம் நாளின் பின் ஆறு துணியேனும் நனைந்து, இரு வாரமளவில் பிறந்த நிறை மீண்டு, தொடர்ந்து ஏறினால் பால் காணும். அவ்வாறன்றேல் பிள்ளை மார்பைக் கவ்வும் முறையை முதலில் நோக்க வேண்டும். பேற்றின்போது இரத்தப்பெருக்கு மிகுந்தவர், தைரொயிட்டு நோயுற்றவர் போன்ற சிலருக்குப் பால் மெய்யாகவே குறையலாம். அவர்கள் மருத்துவரை நாடுவதிலும், மருத்துவர் சொன்னால் மாற்றுப்பால் கொடுப்பதிலும் இழிவு ஏதுமில்லை.

எனினும் அறிவுரை மட்டும் போதுமா? சம்பளத்துக்கு உழைக்கும் தாய்க்குச் சட்டம் 84 நாள் விடுமுறையும், பாலூட்ட நாளுக்கு இரு இடைவேளையும் தருகிறது. வாடியில் நாட்கூலிக்குக் கருவாடு காயவைக்கும் பெண்ணை அச்சட்டம் எட்டுவதில்லை. ‘பால் காணாது’ என்று அவள் சொல்லும்போது, காணாதிருப்பது பெரும்பாலும் பாலன்று. ஓய்வும் சோறும் துணையுமே. இவற்றை அவளுக்கு உறுதிசெய்வது சமுதாயத்தின் கடன். அதனைக் கோரிப் பெறுவது நம் அனைவரின் பணி.