பல்லாவரத்துக் குகை

தாம்பரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது, பல்லாவரம் வந்ததும் நான் குன்றின் பக்கம் திரும்பிப் பார்ப்பது வழக்கம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் அங்கே பாறையைக் குடைந்து, ஐந்து கருவறைகள் கொண்ட கோயிலை அமைத்தார். தம் விருதுப் பெயர்களையும் கல்லில் வரிசையாக வெட்டுவித்தார். அந்த விஷயத்தில் மகாராஜாவுக்குக் கூச்சமே கிடையாது!

பிற்காலத்தில் அந்தக் குகை முஸ்லிம்களின் தர்காவாயிற்று. ஆயிற்றே தவிர, பாழடைந்த வௌவால் மண்டபமாகிவிடவில்லை. பல்லவர் எழுத்தும் அங்கேயே இருக்கிறது. ஜப்பானின் ஷிண்டோ மார்க்கத்தார், ஆலயம் எழுப்புவதற்கு முன்பே, பாறைகளைத் தெய்வம் இறங்கும் இடமாகக் கும்பிட்டவர்கள். நம் குன்றுக்கும் அப்படியொரு மகிமை இருந்திருக்க வேண்டுமென்பது என் எண்ணம்.

குகை யாருக்குச் சொந்தமென்று வாதாடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் இதே பல்லாவரத்தில் கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். உரிமை கொண்டாடுவதென்றால் அந்தக் கோடரிக்காரன்தான் வரிசையில் முதலில் நிற்க வேண்டும்!