குமாஸ்தாக்களின் பம்பாய்

பம்பாய்க்கு வேலை தேடிப் போன தமிழ்ப் பட்டதாரியைப் பற்றி நம்மிடையே வழங்கும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். கையில் ஒரு பட்டம், தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் தேர்ச்சிச் சான்றிதழ், தாதரில் இறங்கியதும் தேடிச் செல்ல ஒரு தூரத்து உறவினரின் முகவரி. அரை வயிறும் கால் வயிறுமாக மிச்சம் பிடித்து அவர் முன்னுக்கு வந்தார் என்று கதை முடியும். அவரது சிக்கனத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் குமாஸ்தாவின் சம்பளத்துக்கும் பம்பாயின் வாடகைக்கும் இடையே கிடந்த பள்ளம் சிக்கனத்தால் மட்டும் தூர்ந்திருக்கக் கூடியது அல்ல. அதைத் தூர்த்தவை எவை என்பதே இங்கு நம் கேள்வி.

பம்பாய் கடல் சூழ்ந்த ஒடுங்கிய நிலம். அலுவலகங்கள் அதன் தென்கோடியில், கோட்டைப் பகுதியில் குவிந்திருந்தன. 1871இல் ராய்ச்சூரில் சென்னையின் இருப்புப் பாதையும் பம்பாயின் இருப்புப் பாதையும் இணைந்தபின் தெற்கிலிருந்து வருவோருக்கு வழி எளிதாயிற்று. வந்தவர்கள் தங்குவதற்குத்தான் இடமில்லை. மில் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் கிடைத்தது 'சால்' எனப்படும் அடுக்குக் கட்டடம்: நீண்ட தாழ்வாரம், அதையொட்டி வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாருக்கும் பொதுவான குழாயும் கழிப்பிடமும். 1896இல் கொள்ளைநோய் பரவியதை அடுத்து, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலான குடியிருப்புகளை இடித்துச் சாலைகளை அகலப்படுத்துவது அதன் முதல் வேலையாக இருந்தது. இடித்த வேகத்தில் கட்டப்படவில்லை. வீடிழந்தவர்கள் அண்டைத் தெருக்களில் நெருக்கியடித்தார்கள், வாடகை ஏறியது.

1857இல் தொடங்கிய மூன்று பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டிருந்தன. பட்டம் ஒருவருக்கு மேசையும் நாற்காலியும் பெற்றுத் தந்தது. கூடவே, தான் மில் தொழிலாளி அல்ல என்ற எண்ணத்தையும் தந்தது. வெள்ளைச் சட்டை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் ஆகிய கடமைகள் வந்து சேர்ந்தன. பொதுக் கழிப்பிடத்தைப் பிறரோடு பகிர்வதில் சாதி ஆசாரம் சார்ந்த கூச்சமும் பலருக்கு இருந்தது. ஆக, கல்வி அவருடைய தேவைகளை உயர்த்திய அளவுக்குச் சம்பளத்தை உயர்த்தவில்லை. பட்டதாரியின் வறுமைக்கென்று ஒரு தனித்தன்மை உண்டென்றால், அது இந்த முரண்தான்.

இதற்கு முதல் விடை கண்டவர்களுள் வட கன்னடக் கரையிலிருந்து வந்த சாரஸ்வதர்கள் முக்கியமானவர்கள். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மாக்கி என்பவர் 1906இல் தம் ஆசானின் பெயரால் 'ஷாம்ராவ் விட்டல்' கடன் சங்கத்தைத் தொடங்கினார். கடன் அல்லாத பிற நோக்கங்களுக்கும் சங்கம் அமைக்கலாம் என்று 1912ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்ததும், 1915இல் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் உருவாயிற்று. அதன் ஏற்பாடு எளிமையானது. கட்டடம் சங்கத்தின் சொத்து. உறுப்பினர் அதில் குடியிருந்து மாதந்தோறும் வாடகை செலுத்துவார். வீட்டுக்காரர் என்று தனியே ஒருவர் இல்லாததால் அவருக்குரிய லாபமும் வாடகையில் இல்லை. தனியொரு குமாஸ்தாவால் நெருங்கவே முடியாத நிலத்தைப் பல குமாஸ்தாக்களின் சிறுதொகைகள் சேர்ந்து எட்டிப் பிடித்தன.

தமிழர்களின் கதை மாதுங்காவில் நிகழ்ந்தது. டிரஸ்ட் வடக்கே தாதர்–மாதுங்கா பகுதியில் வகுத்த மனைகளில் 1920களிலும் 1930களிலும் மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. உள்ளேயே சமையலறையும் குளியலறையும் கழிப்பறையும் கொண்ட சிறு ஃப்ளாட்கள் அவை. கோட்டைக்குப் போய்வர ரயில் இருந்தது. தெற்கத்தியக் குமாஸ்தாக் குடும்பங்கள் அங்கே திரண்டன. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1942இல் மாதுங்கா ரயில் நிலையத்தருகே ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் போன்ற உணவகங்களில் தனியாள் வயிறாரச் சாப்பிட முடிந்தது. ஊரில் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று பிரிந்து கிடந்தவர்கள் பம்பாயில் 'தென்னிந்தியர்' ஆனதில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்றாவது துணை சட்டம். போர்க்காலத்தில் பிறந்த வாடகைக் கட்டுப்பாட்டை 1947ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த வாடகையே நியாய வாடகை என்று அது அளவுகோல் வைத்தது. ஏற்கெனவே குடியிருந்தவருக்கு இது பெரும் காப்பு. ஆண்டுகள் கடந்து சம்பளம் உயர்ந்தபோதும் வாடகை அசையாமல் நின்றது. ஆனால் அடுத்து வந்தவருக்கு அதுவே மதிலாயிற்று. காலி செய்பவர் கைமாற்றுத் தொகை கேட்டார். வீட்டுக்காரர் அதில் பங்கு கேட்டார். தலைப்பாகை என்று பொருள்படும் 'பகடி' என்பது அந்தத் தொகைக்குப் பெயர். வாடகை சில ரூபாய்தான். வாசற்படி ஏறப் பெருந்தொகை வேண்டும். வருமானம் இல்லாத உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். கட்டடங்கள் தளர்ந்தன, பழுதுபார்க்க வரி விதித்துத் தனி வாரியம் அமைக்க 1969இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. உறைந்த வாடகை நியாயமற்றது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது.

கூட்டுறவு, சமூகத் திரட்சி, சட்டம் ஆகிய மூன்றும் உண்மையாகவே மனிதர்களைக் காத்தன. அதே வேளையில், மூன்றுமே உள்ளே வந்தவரைக் காத்து, வெளியே நின்றவரின் தூரத்தை அதிகமாக்கின என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சாரஸ்வதச் சங்கத்தில் சேரச் சாரஸ்வதராக இருக்க வேண்டும். மாதுங்காவில் தலைசாய்க்க, முதலில் அங்கே ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்க வேண்டும். தென்னிந்தியர் ஒருவருக்கொருவர் கைகொடுத்து அலுவலகங்களில் இடம்பிடித்தது, அதே குமாஸ்தா நாற்காலிக்குக் காத்திருந்த மராத்திய இளைஞருக்கு எப்படித் தோன்றியிருக்கும்? அலுவலகங்களிலிருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை 'மார்மிக்' இதழ் பட்டியலிட்டதும், 1966இல் சிவசேனை உருவானதும் இந்த மனக்குறையின் மீதுதான். தாக்கப்பட்டவர்களின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த வன்முறைக்கு நியாயமும் இல்லை. ஆயினும் சண்டையிட்ட இரு தரப்பும் சொற்பச் சம்பளக்காரர்களே என்பது மறக்கக்கூடாதது.

அப்படி ஒரு மாமாவும் இல்லாமல் போனவர்கள் உண்டு. வேலைக்காக அலைந்து பம்பாய் சேரும் நாஞ்சில் நாட்டுப் பட்டதாரியைப் பற்றி நாஞ்சில் நாடன் எழுதிய 'மிதவை' 1986இல் வெளிவந்தது. பட்டம் பெற்றவன் எங்கும் வேர்கொள்ள முடியாமல் மிதப்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நம் வெற்றிக் கதைகளுக்கு அருகில் வைத்து வாசிக்க வேண்டிய நாவல் அது.

ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே இடம் என்ற கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று, அகமதாபாத் பார்சி சங்கம் ஒன்றின் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறு சம்பளக்காரர்களைக் காத்த பழைய ஏற்பாட்டின் இன்னொரு முகம் இது. இன்று மும்பையில் முதல் வேலை கிடைத்து, 11 மாத ஒப்பந்தத்தில் அறையைப் பகிர்ந்துகொள்ளும் இளைஞரிடம் முந்திய தலைமுறையின் சிக்கனத்தை எடுத்துக்காட்டிப் பேசுவது நமக்கு எளிது. அந்தத் தலைமுறையைத் தாங்கிய சங்கமும் மலிவு வாடகையும் அவருக்கு வாய்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. சாதியும் ஊரும் கேட்காத ஒரு கூட்டுறவை நம் பட்டதாரிகளால் கட்ட முடியுமா என்பது, 1915இலிருந்து பதில் இல்லாமல் நிற்கும் கேள்வி.